வீட்டில் அம்மா, வெளியில் சித்தி

எதிர்வீட்டு லிஃப்ட்காரியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வயிறு எரிகிறது, எழுதுகிறேன். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பின்னால் சண்டை போடும் பிள்ளைகளையும் முன்னால் குறுக்கே பாயும் பைக் ஓட்டிகளையும் ஒரே நேரத்தில் திட்டிப் பழகிய வாய் இது. ஆனால் இந்த விஷயத்தில் யாரைத் திட்டுவது என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆபீசரைக் கேட்டால் சட்டத்தைக் கைகாட்டுகிறார். சட்டம் போட்டவர்கள் ஜனங்களைக் கைகாட்டுகிறார்கள். ஜனங்கள் யார்? என் வேனில் ஏறுகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான். பார்த்தால் நன்றாகத்தான் சிரிக்கிறார்கள்.

லிஃப்ட்காரி என்று நான் சொல்வது செல்லமாக. லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் அவள் மெக்கானிக். ஊரில் உள்ள அத்தனை பேரையும் ஏற்றி இறக்குகிறவள் குடியிருப்பது லிஃப்டே இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். தினமும் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்து என் வாசலில் நின்று மூச்சு வாங்குவாள்.

"நம்ம கட்டடத்துக்கும் ஒண்ணு மாட்டிக் குடேன்" என்பேன்.

"ஓனரு படிக்கட்டுக்கு ஒரு பல்பு மாட்ட மாட்டேங்கிறாரு. நீங்க வேறக்கா" என்பாள்.

அவள் வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான் பல் டாக்டரைப் பார்க்கப் போன கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர் தனியாக மாட்டிக்கொண்டு கதவைக் குத்துகிறார். வெளியே கூட்டம், ஆளுக்கொரு யோசனை. இவள் வந்தாள். கூட வந்த ஆளை மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு அனுப்பினாள், சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை மெதுவாக இறக்கச் சொல்லி. தான் மட்டும் கதவிடுக்கில் வாயை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவரிடம் அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தபோது அவர் மூத்த பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசியபடியே வெளியே வந்தார். அவள் குனிந்து, கதவு ஓடுகிற பள்ளத்திலிருந்து ஒரு ஹேர்க்ளிப்பைக் கிள்ளி எடுத்து என்னிடம் காட்டினாள். "பாதி லிஃப்ட் இதாலதான்க்கா நிக்குது." கோபமே வராத ஜென்மம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவளும் கண்ணாடிக்காரியும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள். கண்ணாடிக்காரி, மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிறவள். புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று ஜனங்கள் இழுப்பார்கள். மாதிரி என்ன மாதிரி? ஒருத்தி சமைத்தால் மற்றவள் பாத்திரம் துலக்குகிறாள். டிவி ரிமோட்டுக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் ஒரே குடையில் கடைக்குப் போய் வருகிறார்கள். குடும்பம் என்றால் இதற்கு மேல் என்ன இருக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேரும் கலந்து பேசி, ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்து, கண்ணாடிக்காரி சுமந்து பெற்ற பிள்ளைதான் குட்டி. பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவள் லிஃப்ட்காரி. குளிப்பாட்டியது, தோளில் போட்டுத் தூங்க வைத்தது, ஊசி போட்ட காய்ச்சலுக்கு ஈரத்துணி வைத்தது எல்லாம் அவள். குட்டிக்கு இருவருமே அம்மா. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் லிஃப்ட் அம்மா, கண்ணாடி அம்மா. குட்டியே வைத்த பெயர்கள்.

அதுதான் வினையாகிவிட்டது. நர்சரிக்குப் போன புதிதில், எனக்கு இரண்டு அம்மா என்று குட்டி வகுப்பில் பெருமையடித்துக்கொண்டாள். எவனோ ஒரு தகப்பன் போய் முறையிட்டான். "மத்த பேரண்ட்ஸ் சங்கடப்படுறாங்க" என்று சொல்லி, பிள்ளையை வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பிவிட்டார்கள். செய்தி அப்போதிருந்த வீட்டுக்காரர் காதுக்கும் போயிற்று. வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அப்படி வந்தவர்கள்தான் என் எதிர்வீட்டுக்கு. வந்ததும் அவர்களாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் லிஃப்ட்காரி அம்மா. படி இறங்கிவிட்டால் சித்தி.

குட்டி அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். காலையில் இரண்டாவது மாடித் திருப்பம் வரைக்கும் "அம்மா, அம்மா" என்று தொணதொணத்துக்கொண்டே வருவாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் "டாட்டா சித்தி!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள். கத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். லிஃப்ட்காரி சரியாகச் சொன்னாய் என்பதுபோல் ஒரு தலையாட்டு ஆட்டுவாள். அதை வாங்கிக்கொண்டுதான் வேனில் ஏறுவாள். ஒரு நாள் முன் சீட்டில் உட்கார்ந்ததும் என் காதோடு காதாகக் கேட்டாள்.

"வேன் ஆன்ட்டி, உங்க வேன் வீடா, வெளியா?"

நண்டு சிண்டெல்லாம் இப்படிக் கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களே! "என் வேனுக்குள்ள நான் வச்சதுதான் சட்டம். வீடுன்னு வச்சுக்கோ" என்றேன். உடனே பின்னால் திரும்பி உட்கார்ந்து, "எனக்கு லிஃப்ட் அம்மாதான் பின்னல் போட்டாங்க" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சடையைக் காட்டினாள். ஒரு பிள்ளையும் மயக்கம் போட்டு விழவில்லை.

குட்டி இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது கண்ணாடிக்காரிக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று நாள் குறித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே எது நடந்தாலும் சம்மதம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அவளுக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. பயம் வேறு.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க அண்ணன் வந்து குட்டியக் கூட்டிட்டுப் போயிடுவாருக்கா" என்றாள் என் சமையலறையில் நின்றுகொண்டு. "இவளால ஒண்ணும் பண்ண முடியாது. சட்டப்படி இவ அதே வீட்ல குடியிருக்கிற ஆளு, அவ்வளவுதான்."

அந்த அண்ணன், தங்கை இவளோடு வாழப் போன நாளிலிருந்து வாசற்படி மிதிக்காதவன். பிள்ளை பிறந்ததற்கும் எட்டிப் பார்க்காதவன். ஆனால் ரத்தம் இருக்கிறதல்லவா, ரத்தம்! அது போதுமாம்.

இந்த ரத்தக் கதையை என்னிடம் அளக்க வேண்டாம். என் புருஷன் குடித்து அழித்துவிட்டு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவன். அவன் தகப்பனாக இருக்கத் தகுதியானவனா என்று ஒரு ஆபீசரும் என் வீட்டுக்கு வந்து சோதனை போட்டதில்லை. ஓடிப்போன பிறகும் மகளைப் பள்ளி மாற்றுவதற்கு அவன் கையெழுத்துத்தான் வேண்டும் என்றார்கள். ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, தள்ளாடுகிற அந்தக் கையில் பேனாவைக் கொடுத்து வாங்கி வந்தேன். அந்தக் கிறுக்கல் செல்லும். பிள்ளைக்கு மலம் கழுவிவிட்ட கை செல்லாது. இதுதான் இவர்கள் நியாயம்.

சட்டம் இப்போது மாறிவிட்டது என்று ஒரு வக்கீல் சொன்னாள். சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. பெற்றவளோடு சேர்ந்து வாழ்கிறவளும் பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோர் ஆகலாம். எப்படி? தத்தெடுக்க வேண்டும். பிறந்த நிமிஷம் முதல் வளர்த்த பிள்ளையை, யாரோ ஊர்பேர் தெரியாத பிள்ளையைப் போல, தத்தெடுக்கிறேன் என்று மனுப் போட வேண்டும். அதற்கு முன் குழந்தைகள் நலத்துறையிலிருந்து ஆபீசர் வந்து, இந்தப் பெண் தாயாக லாயக்குத்தானா என்று பார்க்க வேண்டும். எனக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்ட்காரி மட்டும், "பாக்கட்டும்க்கா. பாக்கத்தானே வர்றாங்க" என்றாள். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தாள்.

ஆபீசர் அம்மாள் வந்த அன்று அண்டை வீட்டுச் சாட்சியாக நானும் அங்கே இருந்தேன். காலணியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். குட்டியின் கட்டிலை அமுக்கிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தார். பிள்ளையை யார் அடிப்பீர்கள், யார் கொஞ்சுவீர்கள் என்று கேட்டார்.

"வீட்ல ஒரு ஆம்பளை இல்லாத குறை பிள்ளைக்குத் தெரியாதா?"

"எந்த வேலைக்கு மேடம்? பல்பு மாத்தவா?" என்றாள் லிஃப்ட்காரி, உண்மையாகவே புரியாமல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆபீசர் சிரிக்கவில்லை.

பிறகு குட்டியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். லிஃப்ட்காரியைக் காட்டி, "இவங்க உனக்கு யாரும்மா?" என்று கேட்டார்.

குட்டி அவருடைய காலணியைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். வெளியாள் வீட்டுக்குள் வந்தால் வீடே வெளிதான் என்று அந்தப் பிஞ்சு மனசு கணக்குப் போட்டிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, "சித்தி" என்றாள். சொல்லிவிட்டு வழக்கம்போல் லிஃப்ட்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

லிஃப்ட்காரி தலையாட்டினாள்.

பழக்கதோஷம். பாவி மகள், எத்தனை காலைகளில் கடைசிப் படியில் ஆட்டிய தலையோ அது, தானாக ஆடிவிட்டது. ஆட்டி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "மேடம், அது வந்து" என்று கண்ணாடிக்காரி ஆரம்பித்தாள். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளை சொன்னதைப் பெரியவர்கள் திருத்தக் கூடாதாம். நான் குறுக்கே விழுந்து, நர்சரி கதையையும் வீட்டைக் காலி செய்த கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அதெல்லாம் உங்க அபிப்பிராயம்" என்றார்.

அறிக்கை என்ன சொல்லிற்று தெரியுமா? குழந்தை மனுதாரரைத் தாயின் சகோதரியாகவே கருதுகிறது, மனுதாரரும் அதை ஆமோதித்தார், எனவே தாய் பிள்ளை உறவு இருப்பதாகத் தெரியவில்லை. இப்படி எழுதியிருந்ததை வக்கீல் படித்துக் காட்டியபோது நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பள்ளியிலிருந்து துரத்துவார்கள், வீட்டிலிருந்து துரத்துவார்கள். பயந்து மறைத்தால், மறைத்தாயே, அப்படியானால் நீ தாயில்லை என்பார்கள். இவர்களே கட்டிவிட்ட முகமூடியைக் கழற்றிப் பார்க்காமல் இதுதான் உன் முகம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்!

ரத்த உறவென்று அண்ணனுக்கும் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் போயிருந்தது. அவன் எதிர்த்து மனுப் போட்டான். அறிக்கையைப் பார்த்ததும் அவனுக்குக் கொண்டாட்டம். இனி நீதிபதியே குட்டியிடம் தனியாகப் பேசுவார் என்று வக்கீல் சொன்னாள்.

"அப்போ குட்டிகிட்ட சொல்லிடலாம். அங்க நிஜத்தையே சொல்லுன்னு" என்றாள் கண்ணாடிக்காரி.

வக்கீல் வேகமாகத் தலையை அசைத்தாள். "வாயே திறக்காதீங்க. போன தடவை சித்தின்னு சொன்ன குழந்தை இந்தத் தடவை அம்மான்னு சொன்னா, நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுதான் எதிர்த்தரப்பு சொல்லும். அதோட எல்லாம் முடிஞ்சுது."

பொய்யைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. உண்மையைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அறுவை சிகிச்சையோ நெருங்கிவிட்டது. கண்ணாடிக்காரி அந்த நாட்களில் மகளுடைய துணிமணிகளை எடுத்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. லிஃப்ட்காரி சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அண்ணனை முதல்முறை பார்த்தேன். சலவைச் சட்டை, கையில் ஒரு பரிசுப் பொட்டலம். குட்டியைப் பார்த்து, "மாமாகிட்ட வாடா கண்ணு" என்று நீட்டினான். பிரித்தால், சாவி கொடுத்தால் தத்தித் தத்தி நடக்கும் வாத்து. தவழுகிற குழந்தைக்குக் கொடுப்பது. வாய்ப்பாடு சொல்கிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ் மாமா, எங்க கீழ்வீட்டுப் பாப்பாக்கு குடுத்துடறேன்" என்றாள் மரியாதையாக. பிள்ளைக்கு என்ன வயது என்றுகூடத் தெரியாதவனுக்குப் பிள்ளை மேல் உரிமை. அந்த வாத்தைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட்டிருப்பேன், வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீதிபதி அறைக்குள் குட்டி போனாள். வக்கீல்கள் மட்டும் ஓரமாக நிற்கலாம், பேசக் கூடாது. நாங்கள் வெளியே பெஞ்சில். லிஃப்ட்காரி தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். கிரீஸ் போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்ததைப் பிற்பாடு வக்கீல்தான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.

நீதிபதி வயதானவர். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார்.

"கண்ணாடி அம்மா, சித்தி, நான்."

"சித்தின்னா, அம்மாவோட தங்கச்சியா?"

"இல்ல."

"பின்ன யாரு?"

குட்டி கதவைப் பார்த்தாளாம். நீதிபதியைப் பார்த்தாளாம். அப்புறம், "எங்க வீட்டுக்கு வாங்க தாத்தா, அங்க சொல்றேன். இங்க சொல்லக் கூடாது" என்றாளாம்.

"ஏன் சொல்லக் கூடாது?"

"வெளிய சொன்னா வீட்டைக் காலி பண்ணணும். ஸ்கூலும் மாத்திடுவாங்க. எனக்கு இந்த ஸ்கூல் புடிச்சிருக்கு."

அதற்கப்புறம் நீதிபதி ஆபீசரின் அறிக்கையை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தாராம். குட்டியிடம் உனக்கு என்ன பாடம் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டாராம்.

அண்ணன் மனு தள்ளுபடியாயிற்று. லிஃப்ட்காரி குட்டியின் தாய் என்று உத்தரவாயிற்று. கண்ணாடிக்காரி என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். உத்தரவு நகலைக் கொண்டுவந்து கொடுத்த குமாஸ்தா நல்ல மனுஷன்தான், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "வாழ்த்துகள் மேடம். இன்னிலேர்ந்து நீங்க அம்மா" என்றார்.

"இன்னிலேர்ந்தா?" என்றேன் நான். "நேத்து வரைக்கும் இந்தப் பிள்ளைக்குப் பல்லு தேச்சு விட்டது யாரு சார்? நீங்களா?"

அவர் விழித்தார். உத்தரவிலும் அப்படித்தான் இருக்கிறது, இன்றைய தேதி முதல் என்று. கழிந்த வருஷங்களுக்குச் சட்டத்தில் இடமில்லையாம். லிஃப்ட்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "விடுங்கக்கா. கிடைச்சுதே."

வேனில்தான் திரும்பி வந்தோம். இனிமேல் எங்கே வேண்டுமானாலும் அம்மா என்று கூப்பிடலாம், பயமே இல்லை என்று இருவரும் மாறி மாறிக் குட்டிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தோம். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். படியேறும்போது பாதியில் நின்றுவிட்டாள்.

"அப்போ இவ்ளோ நாள் நான் சொன்னது பொய்தானேம்மா?"

மூன்று பேரும் நின்றோம்.

"பொய் சொன்னா, யார்கிட்ட சொன்னோமோ அவங்ககிட்டயே போய் சாரி கேக்கணும்னு மிஸ் சொல்லியிருக்காங்க. நான் மிஸ்கிட்டயே சொல்லியிருக்கேன். வாட்ச்மேன் அங்கிள், பல் டாக்டர், பர்த்டேக்குப் போன வீட்டு ஆன்ட்டி, அந்த ஆபீசர் மேடம்..." விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு விரல் போதவில்லை. உதடு பிதுங்கியது. "அத்தனை பேர்கிட்டயும் போகணுமா?"

லிஃப்ட்காரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபமே வராத ஜென்மம் என்று நினைத்திருந்தேனே, அவளுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. குட்டியை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ ஒருத்தர்கிட்டயும் கேக்க வேண்டாம். நீ ஒரு தப்பும் பண்ணல. அவங்கதான் உன்கிட்ட வந்து சாரி கேக்கணும்."

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நிஜமாவா? எப்ப வருவாங்க?"

கண்ணாடிக்காரி என்னைப் பார்த்தாள். நான் படியைப் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண்ணாடிக்காரி மறுபடியும் கடைக்குப் போய் லென்ஸ் தேய்க்கிறாள். குட்டி இப்போது தெருவில் "டாட்டா அம்மா" என்கிறாள், ஆனால் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். அது அவளை விட்டுப் போகவில்லை. அவ்வப்போது வேனில் என் பக்கம் சாய்ந்து, "அவங்கல்லாம் எப்ப ஆன்ட்டி வருவாங்க?" என்று கேட்கிறாள். அவள் லிஃப்ட் அம்மா சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இதுவரை ஒருவரும் வரவில்லை.